நான்காவது லேன்

கிருஷ்ணகிரி டோல்கேட், இரவு ஷிப்ட்.
என் நாற்காலிக்கடியில் ஒரு பச்சை வாளி.
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வண்டி வரும். பீப். தடுப்பு எழும்.
அடுத்த வண்டி வருவதற்குள் குனிந்து,
துடைத்து, நிமிர்ந்து,
"பேலன்ஸ் இல்ல சார், ஓரமா நிறுத்துங்க" என்பேன்.
பாதிச் சொல்லில் புளிப்பு.

எங்கள் ஊரில் வாந்திக்கு இரண்டே அர்த்தம்.
பொம்பளை எடுத்தால் விசேஷம்,
ஆம்பளை எடுத்தால் சரக்கு.
"என்னக்கா, இந்த வயசுலயா?"
கண்ணடித்தான் திம்மராயன்.
கர்ப்பப்பையை எடுத்து ஆறு வருஷமாச்சுடா என்றேன்.
அன்றிலிருந்து டீயை
மேஜையில் வைத்துவிட்டுப் போகிறான்.

பித்தம் என்றார்கள். இஞ்சி என்றார்கள்.
உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள் நாத்தனார்,
மிளகாய் நெடியில் எல்லோரும் இருமினோம்,
நான் மட்டும் கொல்லைக்கு ஓடினேன்.
மெடிக்கல்காரன் தந்த வெள்ளை மாத்திரை
மூன்று மணி நேரம் தாங்கியது.
பிறகு அதுவும் வந்தது.
பத்து மாதம். ஒன்பது கிலோ.
யூனிஃபார்ம் பேண்ட்டில் இரண்டு ஊக்கு.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் நிலோஃபர்
என்ன சாப்பிட்டாய் என்று கேட்கவில்லை.
சாப்பிட்டு எத்தனை மணி நேரம் கழித்து?
வந்ததில் என்ன இருந்தது?
கூச்சமாகத்தான் இருந்தது.
ராத்திரி தின்ற அவரைக்காய்ம்மா,
காலையில் அப்படியே, விதைகூடக் கரையாமல்.
அவர் பேனா நின்றது.
"சர்க்கரை எத்தனை வருஷமா?"
பதினொன்று.

வாய் வழியே ட்யூப் விட்டுப் பார்த்தார்கள்.
புண் இல்லை. கட்டி இல்லை. அடைப்பு இல்லை.
இல்லை இல்லை என்று கேட்கக் கேட்க
பயம்தான் கூடியது.
இல்லாத ஒன்றா
என்னை இப்படிக் குனிய வைக்கிறது?

"இரைப்பைக்குக் கீழே ஒரு கதவு, மாதம்மா.
சாப்பாட்டை அதுவரைக்கும் தள்ளுகிற நரம்பு
சர்க்கரையில் சோர்ந்துபோச்சு.
உள்ளே போனது நகராமல் நிக்குது."

டாக்டர் சொன்ன ஒன்று
முதல்முறையாக எனக்குப் புரிந்தது.
ஸ்கேனர் செத்த அன்று லாரிகள் நிற்குமே,
கிரானைட் கல்லோடும் தக்காளியோடும்,
கண்ணுக்கெட்டிய தூரம் வரை.
முன்னால் வழி இல்லையென்றால்
வண்டி பின்னால்தானே வரும்.

மூன்று வேளையை ஆறாக உடைத்தேன்.
களி உருண்டை போய் ராகிக் கூழ்.
கொத்தவரை, கீரைத்தண்டு, எண்ணெய்ப் பலகாரம் விலக்கு.
சாப்பிட்டதும் படுக்கக் கூடாதாம்.
நைட் ஷிப்ட்டில் எங்கேம்மா படுக்கிறது என்றேன், சிரித்தார்.
எடுத்து முடித்ததும் மடக்மடக்கென்று தண்ணீர் கூடாது,
உப்புக் கரைசல், மூடி மூடியாக.
சாப்பாடு இறங்காத நாளில்
ஊசியை நீயாக நிறுத்தாதே, போன் பண்ணு.
காபித்தூள் நிறத்தில் வந்தாலோ, ரத்தம் கண்டாலோ,
நாள் முழுக்க மூத்திரம் போகாவிட்டாலோ
நோட்டில் எழுதிக்கொண்டு உட்காராதே,
வண்டி ஏறு.

நோட்டு என்றால் நாற்பது பக்க நோட்டு.
செவ்வாய்: இல்லை.
புதன்: இல்லை.
வியாழன்: இரண்டு முறை. நாத்தனார் வீட்டு விசேஷம், போண்டா.
போண்டா நன்றாக இருந்தது என்பதையும்
எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று இரண்டே முக்காலுக்கு
ஓசூர்ப் பக்கம் போகிற ஒரு கார்.
பின் ஜன்னலில் தலையை வெளியே தொங்கவிட்டு ஒருவர்,
என் பூத்துக்கு நேர் கீழே, சத்தத்தோடு.
"சாரி மேடம், கொஞ்சம் தண்ணி போட்டுட்டார்,"
டிரைவர் முந்திக்கொண்டான்.
அவர் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர்.
அந்த வாடை எனக்குத் தெரியும்.
அதில் சரக்கு இல்லை.

எத்தனை நாளா என்று கேட்டேன்.
பின்னால் ஹாரன்.
யாரும் தன்னைக் கேட்காத கேள்வி போலப் பார்த்தார்.
"ஆடியிலிருந்து," என்றார்.
சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து?
ஹாரன், ஹாரன், திம்மராயன் ஓடி வருகிறான்,
தடுப்பு தானாகவே எழுந்துவிட்டது.
பச்சை வாளியைத் தவிர
கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை.
வேண்டாம் என்று தலையாட்டி, பிறகு
கையை நீட்டினார்.

சனி: இல்லை.
வாளி வாங்கணும்.