மேலோட்டம்

ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடு என்றார் டீன்,
கல்லூரியைப் பற்றி, மேலோட்டமாக.
பதிவாளர் அலுவலகத்தில்
பத்தொன்பது வருடம் தட்டச்சு செய்தவளுக்கு
எண்கள்தான் கைவரும்:
மாணவர் நானூற்றுப் பன்னிரண்டு.
ஆசிரியர் ஐம்பத்தெட்டு.
விடுதி ஐந்து, அதில் ஒன்று ஒழுகும்.
(கடைசி மூன்று சொல்லை அடித்துவிட்டேன்.)

வடக்கு அயோவாவில் எதையும் மேலோட்டமாகப் பார்க்க
தண்ணீர்த்தொட்டிக் கோபுரம் ஒன்றுதான் வழி.
ஏறினால்
சோளம், சோளம், அதற்கப்பால் சோளம்,
நடுவில் யாரோ இறக்கிவைத்து
எடுக்க மறந்துபோன செங்கல் சுமையாக நாங்கள்.

எல்லோரும் இங்கேயே தங்கவேண்டும். அது விதி.
நான்கு வருடம், ஒரே சாப்பாட்டுக்கூடம்.
காலையில் தேர்வுத்தாளில் கடவுளை மறுத்தவன்
மதியம் அதைத் திருத்துகிறவருக்குப் பின்னால்
தட்டேந்தி நிற்கிறான், உருளைக்கிழங்குக்கு.
காதல் முறிந்தால் ஒளிய இடம் கிடையாது.
முறித்தவளும் முறிந்தவனும்
ஒரே சலவை இயந்திரத்தின் முன்
சில்லறை எண்ணியாகவேண்டும்.
லரேடோவிலிருந்து வந்த ஒடாலிஸ்
முதல் பனியில் வெறுங்காலோடு ஓடினாள்.
மூன்றாம் பனியில் என் ஜன்னலுக்கு வந்து
விலகல் படிவம் கேட்டாள்.
பெயரை மட்டும் நிரப்பினாள்,
பேனாவை மூடித் தந்துவிட்டுப் போனாள்.
இப்போது விலங்கியல், இறுதியாண்டு.
படிவம் என் இழுப்பறையில் இருக்கிறது.

இதெல்லாம் கையேட்டில் வராது.
அதில் வருவது மரத்தடியில் ஏழு பேர்.
படம் எடுத்த அன்று பேய்க்காற்று.
"இன்னும் கொஞ்சம் சிந்திப்பதுபோல!" என்று
புகைப்படக்காரர் கத்திக்கொண்டேயிருந்தார்.

கிரேக்க வகுப்புக்கு வருகிறேன்.
ஐந்து பேர் சேராவிட்டால் வகுப்பு ரத்து.
சேர்ந்தது நான்கு.
கடைசி நாள், வெள்ளிக்கிழமை, நாலரை மணிக்கு
பேராசிரியர் ரென்ஸ்கே வான்டர்மோலன்
என் ஜன்னலெதிரே நின்றார்.
எதுவும் கேட்கவில்லை.
கையுறையை விரல் விரலாகக் கழற்றினார்,
விரல் விரலாகத் திரும்ப மாட்டினார்.
நாலு ஐம்பதுக்கு
கொதிகலன் பார்க்கிற மெர்ல் ஸ்டபி வந்தார்,
சம்பளச் சீட்டில் ஏதோ பிழையாம்.
விஷயத்தைக் கேட்டுவிட்டு,
"ஐந்தாவது ஆளுக்குத் தலை இருந்தால் போதுமா,
தலைக்குள்ளும் ஏதாவது வேண்டுமா?" என்றார்.

பணியாளர் கட்டணமின்றிப் படிக்கலாம்:
விதி முப்பத்தொன்று, உட்பிரிவு இ.
அதுவரை யாரும் தொட்டதில்லை.
நாலு ஐம்பத்தேழுக்கு முத்திரை குத்தினேன்.
சம்பளச் சீட்டை மறந்துவிட்டோம், மூவருமே.

செவ்வாய், வியாழன், காலை பத்து மணி.
எண்ணெய்க் கறைச் சட்டையோடு கடைசி வரிசையில் –
ஐந்து பேருக்கு ஏது வரிசை, ஒற்றை மேசைதான்.
ஒரு வினைச்சொல்லுக்கு இத்தனை முகமா என்று
வாய்விட்டே கேட்பாராம்.
ஒருநாள் அவர் கேட்ட எதற்கோ
பேராசிரியருக்குப் பதில் தெரியவில்லை.
மறுநாள் நாலு புத்தகங்களை அணைத்துக்கொண்டு
கொதிகலன் அறைப் படிகளில் அவர் இறங்கியதை
நானே பார்த்தேன்.
மேலே வர இரண்டு மணிநேரம் ஆயிற்று.

பருவ முடிவில் மெர்லுக்குக் கிடைத்தது சி.
தட்டச்சு செய்தவள் நான்.
விரல் தானாகவே பிளஸ் குறிக்குப் போனது.
அவருக்குப் பிடிக்காது என்று எடுத்துவிட்டேன்.

கையேடு அச்சாகி வந்துவிட்டது.
நான் எழுதியதில் டீன் விட்டுவைத்தது ஒரே வரி:
ஆசிரியர் ஒருவருக்கு மாணவர் ஏழு.

போன வாரம் மெர்ல் முதுகுவலியில் விடுப்பு.
பதிலுக்கு வந்த பையன்
கீழேயிருந்து தொலைபேசியில் அலறினான்:
வெளியே மைனஸ் இருபது,
மூன்றாம் விடுதிக்குச் சூடு போகவில்லை,
எந்தக் குழாய் எங்கே போகிறதென்று
சாக்கட்டியில் எழுதித்தான் இருக்கிறது,
ஒரு எழுத்தும் விளங்கவில்லை,
யாரையாவது உடனே அனுப்புங்கள்,
கிரேக்கம் தெரிந்த யாரையாவது.