நொத்தேர் ஆபீசில் ஒரு பேரரசன்

இருபத்தாறு வருஷமாய்ப் பத்திரங்களைத்
தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன்.
அடுத்த வீட்டுச் சாவுகளைச்
சதுர மீட்டர் கணக்கில் பிரித்துக் கொடுத்தவள்.
இந்தமுறை அப்பாவுடையது.

தம்பி எதுவார் சொல்கிறான்:
உனக்கு நகை போட்டாச்சு,
குருசுக்குப்பத்து வீடு எனக்கு.
நம்ம வழக்கம் அதுதானே அக்கா.

நம்ம வழக்கம்.
அதைத்தான் ஒருத்தர் கைகழுவினார்,
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டில்,
மேரி கட்டடத்துக் கூடத்தில் செருப்பில்லாமல் நின்று.
தோட்டி ராயப்பன் மகன் அந்தோணி.
'என் சாதிச் சட்டத்தை விட்டேன்
எனக்கும் என் வழியில் பிறப்பவர்க்கும்
திரும்பக் கேட்கமாட்டேன்.'
குடும்பப் பெயர் என்ன என்றார்கள்.
எழுத்தர் வாசித்த பெயர்களில்
கோன்ஸ்தான் காதுக்கு நன்றாயிருந்ததாம்.
கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி.

அந்தக் குறியைப் பிடித்துக்கொண்டு
பின்னால் போனால் பாரீஸ்.
அதற்கும் பின்னால் ஒரு ஜலசந்தி, மதில்சூழ்ந்த நகரம்,
பொற்சில்லு பதித்த சுவரில்
தன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுக்கொண்ட
ஒரு பேரரசன்.
சிதறிக்கிடந்த சட்டமெல்லாம் திரட்டி
ஆண்டவர் பெயரால் என்று தொடங்கினான்.
பங்கு பிரிக்கையில் மகனென்றும் மகளென்றும்
பார்க்காதே என்று எழுதினான்.
ஆமாம் எதுவார்,
ஆயிரத்தைந்நூறு வருஷம் முன்னால்.
நீ நகை என்கிறாய்.

அவனே இன்னதும் எழுதினான்:
முழுக்குப் பெறாதவன் பாடம் சொல்லக்கூடாது.
விசுவாசம் பிசகியவன் சாட்சி
சபைக்காரனுக்கு எதிராய் ஏறாது.
முழுக்கு வாங்கிய பிறகும்
பழைய தெய்வத்துக்குப் புகை காட்டினால்
தலை.

அந்தோணி தாத்தா ஆடி வெள்ளியில்
வீராம்பட்டினம் தேருக்கு
மடியில் கற்பூரத்தோடு போவாராம்,
சாமியாருக்குத் தெரியாமல்.
தேங்காய் மூடியை வழியிலேயே தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு வருவாராம்.

எனக்குப் பாதி வீடு தரும் கை
அவருக்குக் கழுத்தை விட்டுவைத்திருக்காது.

இங்கே மட்டும் என்ன.
மிஷன் வீதிப் பழைய கோவிலுக்குள்ளே
குறுக்கே ஒரு சுவர் இருந்தது.
ராயப்பனின் பாட்டன் பூட்டன்
பூசையைக் காதால் கண்டார்கள்.
பக்கத்து ஈசன் கோவிலை
முற்றுகைக் காலத்துச் செப்டம்பரில் இடித்தார்கள்.
சுவர் எழுப்பவும் கோவில் சாய்க்கவும்
கூலியாள் எந்தச் சேரியிலிருந்து வந்தான்
என்று பத்திரத்தில் இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு நொத்தேர் வாசிக்கிறார்.
வரைபடத்தில் கோடு
சமையலறையை அறுத்துக்கொண்டு போகிறது.
எதுவார் பேனாவைக் கடிக்கிறான்.
ஒரு சாட்சி குறைகிறது.
செங்கேணியைக் கூப்பிடுகிறார்கள்,
எங்கள் ஆபீஸ் கணக்குப் பிள்ளை,
செவ்வாய்க்கிழமை விரதக்காரி,
நெற்றியில் இன்றைக்குக் குங்குமம் கொஞ்சம் அதிகம்.

நிதானமாய் முழுப்பேர் எழுதுகிறாள்,
அப்பன் பேர், ஊர், வயது.
மை தீர்ந்து உதறுகிறாள்.
மறுபடி முதலிலிருந்து.

அதுவரைக்கும்
அந்தப் பேரரசனும் நின்றுகொண்டுதான் இருக்கவேண்டும்.

கிணறு யாருக்கு, என்று கேட்கிறான் எதுவார்.