காலிக் கட்டம்

எபோலா வந்த பிறகு
ஆற்றைக் கடந்து வரும் வண்டிகள் எல்லாம்
ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன:
காய்ச்சல் எத்தனை, சாவு எத்தனை.
சொல்கிறேன். அதற்கு மஞ்சள் படிவம்.

அவர்கள் போனதும்
பழைய தாளை எடுக்கிறேன்.
தட்டம்மை 0.
திடீர்க் கால்தளர்ச்சி 0.
பச்சைக் குழந்தைக்கு இழுப்பு 0.

“இதை இப்போது யார் படிக்கப்போகிறார்கள்?”
மோட்டார்சைக்கிளை உதைத்தபடி ஃபாயா.
படிக்காமல் போகட்டும்.
கட்டத்தைக் காலியாக விட்டால்
பார்க்கவில்லை என்று பொருள்.
பூஜ்யம் என்றால்
பதினோரு ஊரில் கதவு கதவாய்க் கேட்டுக்
கால் வீங்கித் திரும்பினேன் என்று பொருள்.

செவ்வாய் ஊசி நாள்.
மாமரத்தடியில் நாற்பது பேர் சண்டை போட்ட இடத்தில்
இன்று இரண்டு பேர்.
மூன்றாவதாக ஒருத்தி வாசல்வரை வந்து
என் கையுறையைப் பார்த்துத் திரும்பிவிட்டாள்.
அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
கையுறைக்காரர்கள் தூக்கிப்போன எவரும்
அவள் தெருவுக்குத் திரும்பியதில்லை.

பத்துப் பிள்ளைக்கான குப்பியை
இரண்டு பிள்ளைக்காக உடைத்தேன்.
மீதி எட்டு: வீண்.
அதையும் எழுதினேன்.
குளிர்பெட்டி காலையில் நான்கு டிகிரி,
மாலையில் ஐந்து.

கிஸ்ஸிக்காரர்களிடம் பெயரே எண்.
மூத்தவள் சியா, அடுத்தவள் கும்பா,
மூன்றாமவள் ஃபிண்டா, என்னைப்போல.
பதிவேட்டில் விரலோட்டினால்
விட்டுப்போனவர்கள் தாமே அகப்படுவார்கள்.
சியா லெனோ, போட்டாயிற்று.
ஃபிண்டா லெனோ, இன்னும் வயதாகவில்லை.
நடுவே கும்பா.
வயது பதினெட்டு மாதம்.
தட்டம்மைக் கட்டம் வெள்ளை.

நடந்தே போனேன்.
அவள் அம்மா பார்க்க
குளோரின் நீரில் முழங்கைவரை கழுவினேன்.
கும்பா பாயில் கிடந்தாள்,
கண் சிவந்து, மூக்கு ஒழுகி,
காதோரம் தொடங்கிய பொரி
கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

ஊசிப் பெட்டி தோளில் கனத்தது.
தாமதம் மூன்று மாதமா, ஆறா,
வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.
பக்கத்து வீட்டில் நான்கு பிள்ளைகள்.
எதிரே ஆறு.
அம்மாக்காரியே முன்னால் நடந்து
கதவுகளைத் தட்டினாள்.
குப்பியில் எதுவும் மிஞ்சவில்லை.

வெள்ளிக்கிழமை ஃபாயா
தாளை மடிக்கப்போனவன் நின்றான்.
“ஒன்று என்று போட்டிருக்கிறதே.”
ஆமாம்.
“தலைநகரில் நம்புவார்களா,
இந்த நேரத்தில்?”

முந்தைய முப்பது தாள்களிலும்
பூஜ்யம் இருக்கிறது.
அதனால் நம்புவார்கள், கிளம்பு,
வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா?