முப்பத்திரண்டு படங்கள்

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய வாரம்
மீனாட்சிபுரத்து ஸ்டூடியோவில் என்னை உட்காரவைத்து
முப்பத்திரண்டு பாஸ்போர்ட் படம் போடச் சொன்னாள் அம்மா.
எட்டு என்றால் எண்பது ரூபாய்.
முப்பத்திரண்டு என்றால் நூற்றைம்பது.
"காலேஜ் வரைக்கும் காணும்" என்றாள்,
ரேஷன் அரிசியைக் கண்ணால் அளக்கிற மாதிரி.

இரட்டைச் சடை. நீல ரிப்பன்.
மூக்கின் இடப்பக்கம்
அன்று காலைதான் புறப்பட்ட ஒரு பரு.

அவள் வேலை செய்யும் தேங்காய்நார்க் கம்பெனியில்
யாரோ தூக்கிப்போட்ட ஃபைல் வீட்டுக்கு வந்தது.
முதல் உறையில் ஜாதி, இரண்டாவதில் வருமானம்.
வருமானச் சான்று வருடத்துக்கு ஒருமுறை காலாவதியாகும் என்றார்கள்.
எங்கள் வருமானம் மாதத்துக்கு இரண்டுமுறை ஆனது.

பத்தாம் வகுப்பில் முக்கோணம் என்று படித்தேன்.
வாயனசாலையில் இரவல் வாங்கிய மாதிரித் தாளில்
அது த்ரிகோணம்.
பிளஸ் ஒன் சேர்ந்ததும் ட்ரையாங்கிள்.
எந்தப் பெயரில் கூட்டினாலும் நூற்றியெண்பது பாகைதான்.
எனக்கு மட்டும்
ஒவ்வொரு பெயர் மாறும்போதும் நாலைந்து குறைந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியில் நுழைவுத் தேர்வு வகுப்பு.
செக்போஸ்டில் கோழி வண்டிகளுக்கு மருந்தடிக்கும்வரை
பஸ் நகராது.
துப்பட்டாவை மூக்கோடு இழுத்துக் கட்டிக்கொண்டு
ஹைட்ரஜன், லித்தியம், சோடியம் என்று ஒப்பிப்பேன்.
பொட்டாசியம் என்றால் இன்றைக்கும்
நனைந்த கோழியிறகு வாசம்.

ரம்லத் அப்போதும் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள்.
அவளுக்கு ஃபைல் இல்லை, டைம்டேபிள் இல்லை.
கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு
அவளுடைய மாமா போனில் விண்ணப்பம் போட்டாள்.
முதல் அலாட்மெண்டிலேயே பி.காம்.
எனக்கு அவள்மேல் கோபமில்லை என்று
மூன்று நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் ஆசைப்பட்டது கோயம்புத்தூர்.
அதற்கு நான் தமிழ்நாட்டுக்காரி என்று ஒரு தாள் வேண்டும்.
எல்லைக்கல் எங்கள் கொட்டகைக்குள் நிற்கிறது.
வீடு கேரளம்.
எருமைக்குத் தலை தமிழ்நாட்டில், வால் கேரளத்தில்.
அப்பா இதைத் தாலுகா ஆபீஸில் விளக்கினார்,
கையை நீட்டி, குனிந்து, எருமையாகவே நின்று.
"சீட்டு எருமைக்கா?" என்று கேட்டார்கள்.
திரும்பும் வழி முழுக்க அவர் பேசவில்லை.
பிறகு டீக்கடையில் அவரே சொல்லிச் சிரித்தார்.

ஆக, பாலக்காடு. கெமிஸ்ட்ரி.
அங்கே வேறு சிக்கல்.
பிறப்புச் சான்றில் மரகதவல்லி,
ரேஷன் கார்டில் மரகதவள்ளி,
எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் மரதகவல்லி.
மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று
வில்லேஜ் ஆபீஸில் ஒரு சான்றிதழ் தருவார்கள்.
படம் ஒட்ட வேண்டும்.

எடுத்து நீட்டினேன்.
ஆபீஸர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இது அனியத்தியல்லே? உன்னோட படம் கொண்டு வா."

எனக்குத் தங்கச்சி இல்லை.

அம்மா ஃபைலைக் கவிழ்த்து எண்ணினாள்.
ஆறுதான் செலவாகியிருந்தது.
நாலு வருடம் சேர்த்துவைத்ததில் அதற்குத்தான்
அவள் முகம் சுருங்கிப் பார்த்தேன்.
புதிதாக எட்டு மட்டும் போட்டோம். நூற்றிருபது ரூபாய்.
ஸ்டூடியோக்காரர் அதே மாதிரி
முகத்தைக் கொஞ்சம் தூக்கச் சொன்னார்.
அதே ஸ்டூல், ஆனால் கால் தரையில் பட்டது.

சான்றிதழ் வந்தது:
மேற்படி மூவரும் ஒரே நபர்.
ஃபைலில் நீல ரிப்பனோடு இருக்கும்
இருபத்தாறு பேரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.
ராத்திரி கண்விழித்ததெல்லாம் அவர்கள்.

திங்கட்கிழமை சேர்க்கை.
பாலக்காட்டு பஸ் செக்போஸ்டுக்கு எதிர்த்திசையில் போகிறது.
எங்கேயும் நிற்கவில்லை.
பழக்கத்தில் சோடியம் வரை சொல்லிவிட்டு
அடுத்தது வராமல்
ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.