ஒன்றாம் எண் சட்டை

மூன்றாவது முறையாகக் கூடினோம்.
கோத்தகிரி காந்தி மைதானத்துக்கு மேலே
ஆல்துரையின் உரக்கடை மாடி,
யூரியா வாசம்,
நான்கு பேர், ஐந்து டீ.
ஐந்தாவது டீக்கு உரியவன் கீழே
படியில் உட்கார்ந்திருந்தான்.
யாரும் கூப்பிடவில்லை.

நிரோஷன். பதினாறு வயது, பத்து மாதம்.
கையை விரித்தால் இன்னும் சட்டைதான் பெரிது.
ஆனால் பந்து எங்கே வருமென்று
அடிக்கிறவனுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.
ஜூனியரில் பதினொரு ஆட்டம்,
வலைக்குள் போனவை இரண்டு.
ஒன்று நம் ஆளே அடித்தது.

கணக்கு ஆல்துரைக்குத்தான் வரும்.
ஆகஸ்டில் 'ஏ' டிவிஷனில் பெயர் ஏறினால்
மூன்றாம் வருட முடிவில் அவன் யாரிடமும் போகலாம்.
செப்டம்பரில் ஏற்றினால் நான்கு வருடம் நம்மோடு.
"அஞ்சே வாரம். பொறுத்தா ஒரு வருஷம் மிச்சம்"
என்று கால்குலேட்டரை எங்கள் பக்கம் திருப்பினார்.

போஜன் எதையும் கேரட்டில்தான் பேசுவார்.
முந்திப் பிடுங்கினால் விரல் தடிமன், மண்டியில் எடை நிற்காது.
விட்டுவைத்தால் மழை குடித்து வெடித்துவிடும்.
"அப்ப எப்பத்தான் பிடுங்கறது?"
"மேட்டுப்பாளையத்துலருந்து போன் வர்றப்ப."
சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
போன வருடம் போன் வராமல்
ஒன்றரை ஏக்கரை மாட்டுக்குத் திறந்துவிட்டவர்.

தாசியஸ் மாஸ்டருக்கு வேறு பயம்.
வெலிங்டன் பட்டாளத்து ஆட்கள்
கார்னருக்கு முழங்கையோடுதான் எழும்புவார்கள்.
"ஒரு விலா போச்சுன்னா
பந்து வர்றப்பல்லாம் கண்ணை மூடுவான்.
அப்புறம் திறக்க வைக்க என்னால ஆகாது."

பிறகு மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

இப்போதைய கோல்கீப்பர் நான்தான்.
முப்பத்தாறு. அரசுப் பேருந்தில் கண்டக்டர்.
இடப்பக்கம் தாழ்ந்து வரும் பந்துக்கு
நான் போய் விழுவதற்குள்
ஒரு ஆளுக்கு டிக்கெட்டும் சில்லறையும் கொடுத்துவிடலாம்.
எனக்குத் தெரியும்.
பட்டாளத்துக்காரர்களுக்கும் தெரியும்.

"அவசரம் வேண்டாம்" என்றேன்.
"பையனோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."
எவ்வளவு நியாயமாக ஒலித்தது அது.
மாஸ்டர்கூடத் தலையாட்டினார்.
ஐந்தாவது டீயில் ஆடை கட்டியிருந்தது.
இறங்கும்போது அவன் எழுந்து வழிவிட்டான்,
ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை மூடுபனி.
இந்தக் கோலிலிருந்து அந்தக் கோல் இல்லை.
நடுவர் விசிலை வாயில் கவ்வியபடி
நாற்பது நிமிடம் நின்றார்.
அணித்தாள் என் கையில்,
பேனா காதில்.
கீப்பருக்கு அடிபட்டால் ஜூனியரை எழுதலாம்,
ஆனால் எழுதிய நாளிலிருந்து பதிவு ஓடும்,
அழிக்க முடியாது. விதி பன்னிரண்டு.

பனிக்குள் எங்கோ அவன்
யாரும் அடிக்காத பந்துக்கு
இடப்பக்கம் விழுந்து விழுந்து எழும் சத்தம்.
தப்பு, தப்பு, தப்பு என்று
ஈரப்புல்.

"மாஸ்டர், முட்டி பிடிச்சுக்கிச்சு."
முட்டி சும்மாதான் இருந்தது.

இரண்டுக்கு மூன்று, தோற்றோம்.
முதல் கோல் அவன் பிழை.
இரண்டாவதை யார் நின்றாலும் விட்டிருப்பார்கள்.
நடுவே அவன் விரல்நுனியால் மேலே தள்ளிய ஒன்றுக்கு
அடித்தவனே நின்று கை தட்டினான்.
மூன்றாவதைப் பனியில் நான் பார்க்கவில்லை.
முந்திவிட்டோமா என்று போஜனைக் கேட்டேன்.
உதட்டைப் பிதுக்கினார்.
ஆல்துரை என்னோடு பேசவே இல்லை.

திங்கட்கிழமை, ஆறேகால் வண்டி.
குஞ்சப்பனை தாண்டி
பின்சீட்டில் தேயிலை மூட்டையோடு ஒருவர்
"முட்டி எப்படிங்க இருக்கு?" என்றார்.
"இன்னும் வலிக்குதுங்க" என்று
வளைவில் கம்பியைப் பிடித்தேன்.

அப்போதுதான்
முதல் முறையாக வலித்தது.