லைட் குக்கிங்

ஒப்பந்தத்தில் ஏழாவது வரி:
லைட் குக்கிங் மட்டும்.
முகவர் பேனா முனையால் தட்டிக் காட்டினார்.
வெந்நீர் வைக்கலாம், நூடுல்ஸ் போடலாம்,
முட்டை அவிக்கலாம்.
தாளிப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.
நானும் கேட்கவில்லை.
அறை எண்ணூறு வெள்ளி,
அடுத்த புளோக்கில் ஆயிரம்.

முதல் மாதம் எதைப் பார்த்தாலும் பெருக்கினேன்.
தோசை நூற்றைம்பத்தாறு ரூபாய்,
கோப்பி எண்பத்தைந்து.
அறுபத்தைந்தாம் வாய்ப்பாட்டை
எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை.
யீஷூன் காப்பிக்கடை வரிசையில் நின்று நின்று
தானாக மனப்பாடமானது.

அப்புறம் மலிவாகச் சாப்பிடப் பழகினேன்.
கண்ணாடிக்குப் பின்னால் இருபது தட்டுகள்,
பெயர் தெரிய வேண்டாம், விரல் போதும்:
இது, இது, அந்த முட்டை.
மூன்று வெள்ளி இருபது காசு.
மீன் பக்கம் விரல் வழுக்கினால் ஐந்தாகிவிடும்.
இரவு எட்டரைக்கு மேல்
பேரங்காடி ரொட்டிகளுக்கு மஞ்சள் ஒட்டு விழும்;
அதற்காகவே மெதுவாக நடக்கிற ஒரு கூட்டம் உண்டு,
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.
தேக்காவுக்குப் போய் வரும் காசில்
ஒரு வேளைச் சோறு இருக்கிறது.

ஊரில் மோர்மிளகாயை
ஒரு பொருட்டாக நான் மதித்ததே இல்லை.
தட்டோரம் கிடக்கும்;
காம்பை விட்டுவிட்டு எழுந்துபோவேன்.
இங்கே சுத்த அறையில்
கண்மட்டும் தெரிய உடுத்திக்கொண்டு
சிலிக்கான் தட்டுகளை எண்ணுகிற ராப்பணியில்,
எந்த வாசமும் நுழையாதபடி
வடிகட்டி அனுப்பும் அந்த வெள்ளைக் காற்றில்,
மூன்று மணி வாக்கில் அது வந்தது:
மிளகாய் கருகும் கமறல்.
தும்மினேன்.
மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்துக்
குறித்துக்கொண்டார்.

சம்பளத்துக்கு மறுநாள் ஒரு பொட்டலம் வாங்கினேன்.
பெருக்கவில்லை.
மூன்று வாரம் பெட்டிக்குள் ஒளித்து வைத்ததில்
என் பனியன்கள் எல்லாம்
லேசாகப் புளித்துப்போயின.

ஞாயிறு மேடம் தியோ
தெம்பனிசில் மகள் வீட்டுக்குப் போவார்,
ஒன்பதுக்குத்தான் திரும்புவார்.
ஜன்னலைத் திறந்தேன்.
கதவிடுக்கில் துண்டைத் திணித்தேன்.
இரண்டு கரண்டி எண்ணெய்.
வெளிறிய மிளகாய் பழுப்பாகி
பழுப்பு கறுப்பைத் தொடுகிற அந்த நொடியில்
பூட்டில் சாவி திரும்பியது.
மணி ஏழுகூட ஆகவில்லை.

அவர் இருமினார். நான் இருமினேன்.
கூடத்துத் தொட்டி மீன்கள் மட்டும் இருமவில்லை.
"ஐசக், வாட் இஸ் திஸ்?"
என் பெயர் இசக்கிராஜா.
இரண்டு தடவை திருத்தியாயிற்று,
மூன்றாம் தடவை முதல் நான் ஐசக்.
"சில்லி" என்றேன்.
மோருக்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை.
"ஓல்ட் மில்க்" என்றேன்.
நிலைமை இன்னும் மோசமானது.

அடுப்பை அணைத்தார்.
வேறு அறை தேட வேண்டும்
என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது
ஒன்றை எடுத்துப் பாதி கடித்தார்.
கண்ணில் நீர் முட்டியது,
மிளகாய்தான்.
குளிர்பெட்டியைத் திறந்து
காலையில் வைத்த கஞ்சியை எடுத்தார்,
ஒரு உப்பு முட்டையை இரண்டாக அரிந்தார்,
நின்றபடியே சாப்பிட்டார்.
நான்கு மிளகாய், காம்பு உட்பட.
எனக்கும் ஒரு கிண்ணம் தள்ளினார்.

பாதிக் கஞ்சியில் சொன்னார்:
மகள் எல்லாவற்றையும் ஆவியில் வேகவைக்கிறாளாம்.
உப்பே போடுவதில்லையாம்.
டாக்டர் சொன்னாராம்.
தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுக்
கிளம்பி வந்துவிட்டாராம்.

அடுத்த மாத ரசீதில்
எரிவாயுவுக்கு எட்டு வெள்ளி கூடியிருந்தது.
எட்டை அறுபத்தைந்தால் பெருக்கினால் ஐந்நூற்று இருபது.
மிளகாய்க்கு அதிகம்தான். கொடுத்தேன்.
ஏழாவது வரி அப்படியே இருக்கிறது.
ஜன்னலை யார் போய்த் திறப்பது என்பதில்தான்
இன்னும் தகராறு.