எல்லைப் பெறுமானம்

அறிவியல்நகர் ஆய்வுகூடத்தில்
பின்னேரம் மூன்று மணிக்கு மின்சாரம் நின்றது.
குலுக்கும் இயந்திரமும் நின்றது.
குடுவையில் பாலாய்க் கலங்கிய துத்தநாகம் மட்டும்
அடியில் இறங்க மறுத்தது.
இறங்காத அளவுக்குச் சிறிசு.
அதுதான் அதன் சிறப்பு என்கிறார் கலாநிதி அகிலதாஸ்.
என் பயமும் அதுதான்.

இருவரும் ஒரே படிவத்தில் ஒப்பமிட வேண்டும்.

அவர் சொல்வதில் பொய்யில்லை.
மூடை மூடையாய்க் கொட்டிய இடத்தில் ஒரு போத்தல் காணும்.
ஆனையிறவுக் களப்புக்குள் கழுவிப்போகிற உரம் மிஞ்சும்.
வடிகட்டியில் வெள்ளித் துகள் பூசினால்
குளத்துத் தண்ணீரும் குடிதண்ணீராகும்.
"பயந்துகொண்டிருந்தால்
காலபோகத்துக்கு ஆர் பதில் சொல்லுறது?"

நான் மண்புழுப் பெட்டிகளைத் திறந்து காட்டினேன்.
பத்தில் மூன்றில் முட்டைகள் குறைவு.
மூன்றுதானே, என்றார்.
மூன்று, என்றேன்.

ஏழாம் கேள்வி: அனுமதிக்கத்தக்க எல்லைப் பெறுமானம்?
திணைக்களத்துக்கு அழைத்தேன்.
"கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் எண்டு போடுங்கோ, மிஸ்."
நிறையில் இல்லை, துகளின் பருமனில்தான் சிக்கல் என்றேன்.
கொஞ்ச நேரம் கடதாசி புரளும் சத்தம்.
"அதுக்குக் கட்டம் இல்லை."

அம்பகாமத்துச் சோதனை வயலில்
மண் அள்ளுபவள் வதனி.
எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றியவள்;
இப்போதும் முழந்தாளிட்டு,
கரண்டியைச் சாய்த்துத்தான் மண்ணுக்குள் விடுவாள்.
பையில் இலக்கம் எழுதியபடி கேட்டாள்:
"எவ்வளவு ஆழம் மட்டும் பாக்கிறியள்?"
பதினைந்து சென்ரிமீற்றர்.
"அதுக்குக் கீழை?"
பார்க்கவில்லை.
"எத்தினை நாள்?"
ஒரு போகம்.
"அப்ப அதை எழுதுங்கோவன்.
நாங்கள் காணி பாரம் குடுக்கேக்கை
ஆபத்தில்லை எண்டு ஒருநாளும் எழுதேல்லை.
இவ்வளவு ஆழம் தேடினம்,
இந்தக் கருவியாலை தேடினம்,
இன்ன திகதி.
பேந்துதான் சனம் உள்ளை போய்
வீடு கட்டினது.
நானும்தான்."

ஏழாம் கட்டத்தை வெறுமையாய் விட்டேன்.
ஓரத்தில் எழுதினேன்:
பதினைந்து சென்ரிமீற்றர். ஒரு போகம்.
பத்துப் பெட்டி, மூன்று.
இதற்கு அப்பால் தேடவில்லை.

அகிலதாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இரண்டு தரம் வாசித்தார்.
"இப்பிடி அனுப்பினால் திருப்பி அனுப்புவாங்கள்."
அனுப்பட்டும்.
ஒப்பமிட்டார்;
கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்:
விதைப்புக்கு இன்னும் நாற்பது நாள்.

அதுவும் உண்மை. நான் வெட்டவில்லை.

மின்சாரம் வர இயந்திரம் தானாய்க் குலுக்கத் தொடங்கியது.
பெட்டிகளுக்கு ஈரச்சாக்கு மாற்றப் போனேன்,
ஏழு பெட்டிக்கும்,
மூன்று பெட்டிக்கும்.